புள்ளியைத் தொடும் முன்: ரோபோ செல்லில் அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது

லைன் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். வெல்டிங் டார்ச் மூட்டிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அந்த நேரத்தில் கை தானாகப் போவது டீச் பென்டன்ட்டில், அதாவது ரோபோவைக் கையால் இயக்கும் கைப்பெட்டியில், இருக்கும் டச்-அப் பட்டனுக்குத்தான். ரோபோவை ஜாக் செய்து (பட்டனால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி), டார்ச்சைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, அது போய் நிற்க வேண்டிய புள்ளியைத் திரும்பப் பதிந்துவிட்டால் லைன் ஓடும். உண்மைதான், ஓடும். ஆனால் எது பிசகியதோ அது பிசகியபடியே இருக்கும். நாம் அதன் மேல் பூசி மெழுகியிருப்போம், அவ்வளவுதான்.

ஒரே ரகப் பாகத்தை வருடக்கணக்கில் ஓட்டும் செல்லில், அதாவது ரோபோ வேலை செய்யும் கூண்டில், இதனால் பெரிய சேதம் வராது. ஆறு ரகம், எட்டு ரகம் என்று மாறி மாறி ஓடும் செல்லில் வரும். அங்கே எந்தப் புள்ளியும் தனியாக நிற்பதில்லை. அடியில் மாஸ்டரிங் (ஒவ்வொரு அச்சுக்கும் பூஜ்யம் எது என்ற பதிவு), அதன் மேல் டூல் அளவு, அதன் மேல் யூசர் ஃப்ரேம் (வேலை மேசையை வைத்து எடுத்த அளவுச் சட்டகம்), அதற்கும் மேல் கேமராவோ, லைனை நடத்தும் கன்ட்ரோலரான பிஎல்சியோ தரும் ஆஃப்செட் (இடத் திருத்தம்) என்று நாலு அடுக்கு இருக்கிறது. புள்ளி அவற்றுக்கும் மேலே. கீழே ஒன்று ஆடினால் மேலே எல்லாம் ஆடும்.

1961-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு நின்ற யூனிமேட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது மூட்டுக் கோணங்களைக் காந்த உருளையில் பதிந்து வைத்து அப்படியே திரும்ப ஓட்டியது. ஃப்ரேம் என்ற பேச்சே அதில் கிடையாது. ஆகவே ரகம் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு ஒரு ஃப்ரேமை மாற்றினால் நூறு புள்ளிகள் சேர்ந்து நகர்கின்றன. அந்த வசதி இருப்பதால்தான், எந்த அடுக்கில் தவறு என்று பார்க்காமல் புள்ளியில் கை வைப்பது ஆபத்தாகிறது.

நான் அதிகம் வேலை செய்வது ஃபனுக் ரோபோவில் என்பதால் மெனுப் பெயர்கள் பெரும்பாலும் அதிலிருந்து வரும். ஏபிபி, கூக்கா என்ற மற்றக் கம்பெனி ரோபோக்களில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

பேக்கப் எடுங்கள். யூஎஸ்பியைச் செருகி, தேதி போட்ட ஃபோல்டரில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. நாம் மாற்றப் போவது தப்பானால் திரும்பி வர இது ஒன்றுதான் வழி.

அடுத்து அலாரம் ஹிஸ்டரி. திரையில் இப்போது மின்னும் அலாரத்தை விட, அதற்கு முன்னால் வந்தது என்ன, எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான் முக்கியம். காலை பத்தரைக்கு விலகல் தெரிகிறது, அதிகாலை மூன்றேகாலுக்கு ஒரு மோதல் அலாரம் பதிவாகியிருக்கிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவதாகச் சாட்சிப் புள்ளிகள். இது நான் வைத்த பெயர். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு கூர்முனைகள் வேண்டும். ஒன்றை ரோபோ நிற்கும் பீடத்திலேயே போல்ட் போட்டு மாட்ட வேண்டும், இன்னொன்றைப் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரில். இரண்டுக்கும் டூல் முனை போய் நிற்கும்படி சின்னப் புரோகிராம் ஒன்று எழுதி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இதைச் செய்து வைத்தால், சரியில்லாத நாளில் மூன்று நிமிடத்தில் திசை தெரிந்துவிடும்.

பீடத்துச் சாட்சியில் முனை சரியாக நிற்கிறது, ஃபிக்சர் சாட்சியில் நிற்கவில்லை என்றால் ஃபிக்சர் நகர்ந்திருக்கிறது. இரண்டிலும் விலகுகிறது என்றால் டூலோ மாஸ்டரிங்கோ கெட்டிருக்கிறது. இரண்டிலும் சரியாக நிற்கிறது, ஆனாலும் வேலை தப்பாக வருகிறது என்றால் கோளாறு புரோகிராமில், சிக்னலில், அல்லது வந்த பாகத்தில் இருக்கிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த மூன்று கிளைகளில் அடங்கிவிடும்.

கூண்டுக்குள் போகும்போது சாவி டி1-ல், அதாவது மெதுவாக ஓட்டிச் சோதிக்கும் நிலையில், இருக்கட்டும், அந்தச் சாவி உங்கள் பையில் இருக்கட்டும். டி1-ல் முனையின் வேகம் நொடிக்கு 250 மி.மீ.-க்கு மேல் போகாது. பென்டன்ட்டில் அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும் டெட்மேன் சுவிட்சை டேப் போட்டு ஒட்டி வைக்கும் பழக்கத்தை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். பயந்தால் மனிதக் கை ஒன்று விட்டுவிடும், இல்லையென்றால் இறுக்கிப் பிடிக்கும். இரண்டிலும் நிற்கும்படிதான் அந்த மூன்று நிலை சுவிட்சைச் செய்திருக்கிறார்கள். டேப் ஒட்டினால் இரண்டும் போய்விடும். அதைக் கண்டால் முதலில் பிய்த்து எறியுங்கள், பிறகு வேலையைப் பாருங்கள்.

## எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளி நிற்கின்றன

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலை. இரவு ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஃபிக்சர் மேசையின் காலில் லேசாக இடித்திருக்கிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பாகத்தில் வெல்டிங் தள்ளி விழுந்தது. ஷிஃப்டில் இருந்த தம்பி நல்ல வேலைக்காரன். உட்கார்ந்து அறுபது புள்ளிகளையும் ஒவ்வொன்றாக டச்-அப் செய்துவிட்டான். லைன் ஓடியது. காலையில் ரகம் மாறியது, அந்த ரகத்தில் எல்லாம் நாலு மில்லிமீட்டர் தள்ளி. அதையும் ஒருவர் உட்கார்ந்து டச்-அப் செய்ய ஆரம்பித்தார். மதியம் மெயின்டனன்ஸ் ஆள் வந்து, மேசையை இடத்தில் நிறுத்தும் டவல் பின் வெளியே வந்திருப்பதைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளிப் பின்னை அடித்து இறக்கினார். இப்போது இரவில் திருத்திய ரகமும் தப்பு, காலையில் பாதி திருத்திய ரகமும் தப்பு. பேக்கப் மூன்று மாதம் பழையது. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேர் மூன்று பென்டன்ட் பிரின்ட்-அவுட்டை வைத்துக்கொண்டு எது அசல் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை நாள் போயிற்று.

டவல் பின்னைப் பார்த்திருந்தால் பத்து நிமிடம்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் மருந்து ஸ்பேனர். மேசைக் கால், டவல் பின், கிளாம்ப், பாகத்தை நிறுத்தும் லொக்கேட்டர் பின்னின் தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். பின் மேல் படிந்த வெல்டிங் தெறிப்பு ஒன்றே பாகத்தை இரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிடும். பொருளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். புரோகிராமில் எதையும் மாற்ற வேண்டாம்.

முடியவில்லை, மேசை இனி இங்கேதான் என்றால் யூசர் ஃப்ரேமை மட்டும் மறுபடி எடுங்கள். மூன்று புள்ளி முறையில் முதலில் மூலப்புள்ளி, அடுத்து எக்ஸ் திசை, பிறகு எக்ஸ்-ஒய் தளத்தில் ஒரு புள்ளி. இங்கே பலரும் செய்யும் தவறு, மூலத்துக்கும் எக்ஸ் புள்ளிக்கும் இடையே சின்ன இடைவெளி விடுவது. 200 மி.மீ. தூரத்தில் எடுத்து, அதில் அரை மில்லிமீட்டர் பிசகினால், மேசையின் மறுகோடியில் ஒரு மீட்டர் தள்ளி அது இரண்டரை மில்லிமீட்டராகிவிடும். மேசை எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி எடுங்கள். ஃப்ரேம் எடுக்கும் முன் டூல் சரியாக இருப்பது உறுதியாக வேண்டும். தப்பான டூலால் எடுத்த ஃப்ரேமும் தப்பு. ஏபிபியில் இதே வேலையை வொர்க் ஆப்ஜெக்ட்டிலும், கூக்காவில் பேஸிலும் செய்வீர்கள்.

மேசை நகரவே இல்லை, ஒரு ரகம் மட்டும் மொத்தமாகத் தள்ளி ஓடுகிறது என்றால் பொசிஷன் ரெஜிஸ்டரை, அதாவது எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவான இடப் பதிவை, சந்தேகியுங்கள். ஃபனுக்கில் சாதாரணப் புள்ளியோடு ஃப்ரேம் எண்ணும் டூல் எண்ணும் சேர்ந்தே பதிவாகும். பொருந்தாவிட்டால் அலாரம் அடித்து நிற்கும். பொசிஷன் ரெஜிஸ்டருக்கு அந்தக் காவல் இல்லை. அந்த நேரத்தில் எந்த ஃப்ரேம் செயலில் இருக்கிறதோ அதிலேயே சத்தம் காட்டாமல் ஓடிவிடும். முந்தைய ரகத்தின் புரோகிராம் ஃப்ரேம் 3-ல் விட்டுவிட்டுப் போயிருந்தால், இந்த ரகம் ஃப்ரேம் 3-ல் ஓடும். ஒவ்வொரு ரகத்தின் மெயின் புரோகிராமிலும் முதல் இரண்டு வரி ஃப்ரேம் எண்ணும் டூல் எண்ணும்தான். மூன்றாவது வரியில் ஆஃப்செட் ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்குங்கள்.

## நேராக நிற்கும்போது சரி, மணிக்கட்டைத் திருப்பினால் விலகுகிறது

இது டிசிபி, அதாவது டூல் முனையின் அளவு. சோதனை எளிது. டார்ச் கம்பியை 15 மி.மீ. நீட்டி நறுக்கிக்கொள்ளுங்கள். முனையைப் பீடத்துச் சாட்சியின் கூருக்கு நேராக, ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் நிறுத்துங்கள். டூல் கோஆர்டினேட்டுக்கு மாற்றி, முனையைச் சுற்றியே மணிக்கட்டை மூன்று திசையிலும் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். கை முழுக்க வளைந்து ஆடும்; முனை மட்டும் ஆணி அடித்தது போல் அங்கேயே நிற்க வேண்டும். அது நடக்க ஆரம்பித்தால் டிசிபி தப்பு. டூல் அச்சைச் சுற்றி 180 டிகிரி திருப்பும்போது எவ்வளவு நகர்கிறதோ, அதில் பாதிதான் பக்கவாட்டுப் பிழை. நாலு மில்லிமீட்டர் நகர்ந்தால் பிழை இரண்டு.

ஒரே ரகம் ஓடும்போது இந்தப் பிழை வெளியே தெரியாமலே வருடக்கணக்கில் கிடக்கும். கற்றுக்கொடுத்த அதே கோணத்தில் ரோபோ திரும்ப வருகிறது, ஆகவே தவறும் அதே அளவில் திரும்ப வந்து தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. கேமரா மாட்டி, பாகம் திரும்பியிருக்கும் கோணத்துக்கு ஏற்ப ஆஃப்செட் கொடுக்க ஆரம்பித்த அன்றுதான் வெளியே வரும். ‘கேமரா சரியில்லை’ என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் பலமுறை டிசிபிதான் குற்றவாளியாக இருந்தது.

திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி: டூல் இப்போது வளைந்ததா, அல்லது எண் முதல் நாளிலிருந்தே தப்பா? இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். டார்ச் கழுத்து மோதலில் வளைந்திருந்தால் கழுத்தை ஜிக்கில் வைத்துப் பாருங்கள். நேராக்க முடிந்தால் நேராக்குங்கள், இல்லாவிட்டால் புதியதை மாட்டுங்கள். எண்ணில் கை வைக்கவே தேவையிருக்காது. புதிய கழுத்தின் வடிவமே வேறு என்றால் டிசிபியை மறுபடி எடுங்கள், முனை பழைய புள்ளிகளுக்கே போகும். எண் ஆரம்பத்திலிருந்தே தப்பு என்றால், அதைச் சரியாக்கிய உடனே இதுவரை சரியாக ஓடிய புள்ளிகள் அத்தனையும் நகர்ந்துவிடும். இதற்காகவே ஃபனுக்கில் டூல் ஆஃப்செட் என்ற யூட்டிலிட்டி இருக்கிறது. டூல் மாறிய முதல் வகைக்கு ‘டிசிபி ஃபிக்ஸ்ட்’, எண் தப்பாயிருந்த இரண்டாம் வகைக்கு ‘ரோபோட் ஃபிக்ஸ்ட்’. இதை மாற்றிப் போட்டவர்கள் பேக்கப்பைத் தேடி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

## விடுமுறை முடிந்து ஆன் செய்தால் பேட்டரி அலாரம், அப்புறம் எல்லாமே எங்கோ போகிறது

ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது இது நடப்பதுண்டு. கன்ட்ரோலரை ஆஃப் செய்துவிட்டு, அடித்தளத்தைத் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து, ‘பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்’ என்று கழற்றிவிடுவார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பல ஃபனுக் ரோபோக்களில் அடித்தளத்தில் இருக்கும் அந்த 1.5 வோல்ட் செல்கள்தான், மின்சாரம் இல்லாத நேரத்தில் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கைக் காப்பாற்றுகின்றன. பேட்டரியை எப்போதும் கன்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும், எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி வைத்துக்கொண்டு. எஸ்ஆர்விஓ-065 என்ற அலாரம் வந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. 062 வந்துவிட்டால் கணக்கு போய்விட்டது.

062 வந்த பிறகு செய்ய வேண்டியது இது. முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மாஸ்டர்/கேல் திரையில் பல்ஸ்கோடர் (மோட்டார் சுற்றை எண்ணும் கருவி) அலாரத்தை ரீசெட் செய்யுங்கள். அந்தத் திரை மெனுவில் தெரியாவிட்டால் சிஸ்டம் வேரியபிள்களில் மாஸ்டர்-எனப் என்பதை 1 ஆக்கினால் வரும். பவரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். இப்போது 075 வரும். கலவரப்பட வேண்டாம், அது வரத்தான் வேண்டும். அந்த அச்சை ஜாயின்ட் முறையில், மோட்டார் ஒரு சுற்றாவது சுற்றும்படி கொஞ்சம் நகர்த்தி ரீசெட் அழுத்தினால் போய்விடும். இனி மாஸ்டரிங்.

முன்பே குவிக் மாஸ்டரிங்குக்கு ஆதார நிலை பதிந்து வைத்திருந்தால் அந்த நிலைக்குக் கொண்டுபோய் அதையே செய்யுங்கள். பழைய துல்லியம் அப்படியே திரும்பும். மோட்டாரையோ கியரையோ கழற்றி மாட்டியிருந்தால் மட்டும் அது செல்லாது. பதிந்து வைக்கவில்லை என்றால், ஆறு அச்சுகளையும் பூஜ்யக் கோடுகளுக்குக் கொண்டுவந்து கண்ணால் பார்த்துச் செய்யும் முறைதான் கதி. கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் 0.1 டிகிரி தப்பலாம். கை ஒன்றரை மீட்டர் நீண்டிருக்கும்போது அது 2.6 மி.மீ. மோட்டார் ஒரு முழுச் சுற்று தப்பாக எண்ணப்பட்டிருந்தால் இன்னும் பெரிது: கியர் நூறுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அச்சில் 3.6 டிகிரி, அதே நீட்டத்தில் 94 மி.மீ. ஆகவே விலகல் சாண் கணக்கில் இருந்தால் ஒரு சுற்று போயிருக்கிறது, மில்லிமீட்டர் கணக்கில் இருந்தால் கோடு சரியாகப் பொருந்தவில்லை.

மாஸ்டரிங் முடித்ததும் பீடத்துச் சாட்சிக்குப் போய்ப் பாருங்கள். விலகினால் எந்த அச்சு என்று கண்டுபிடித்து அந்த அச்சை மட்டும் திரும்ப மாஸ்டர் செய்யுங்கள். முதல் அச்சு தப்பு என்றால் கை நீள நீள விலகல் கூடும், எல்லாம் ஒரே சுற்றுத் திசையில் இருக்கும். ஆறாவது அச்சு என்றால் இடம் ஏறக்குறைய சரியாக இருந்து கோணம் மட்டும் பிசகும். இந்தக் கட்டத்தில் புள்ளிகளை டச்-அப் செய்தீர்கள் என்றால் அந்த ரோபோவின் பூஜ்யம் எது என்று இனி யாருக்குமே தெரியாது.

ஏபிபியில் வேலை கொஞ்சம் சுலபம். பேட்டரி போனால் சுற்றுக் கணக்கு மட்டும் போகும், நுண்ணிய அளவுகள் தனியாகச் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு அச்சையும் குறிக்கு அருகில் கொண்டுவந்து ரெவல்யூஷன் கவுன்ட்டரை அப்டேட் செய்தால் போதும். கூக்காவில் அதற்கென்று உள்ள மின்னணுக் கருவியை அச்சில் மாட்டி எடுப்பதால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

## கேட்டது ஒரு ரகம், ஓடியது வேறு ரகம்

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். தப்பான புரோகிராம் முழு வேகத்தில் ஓடும், மோதும், டூல் போகும்.

தினமும் நடக்காது. வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் குறிப்பிட்ட ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மட்டும் நடக்கும். அந்த ‘குறிப்பிட்ட’தில்தான் துப்பு. பிஎல்சி ரகத்தின் எண்ணை இரும எண்ணாகச் சில கம்பிகளில் அனுப்புகிறது. 3 என்றால் 011, 4 என்றால் 100. மூன்றிலிருந்து நாலுக்குப் போக மூன்று கம்பியும் ஒரே கணத்தில் மாற வேண்டும். நிஜத்தில் மாறாது, சில மில்லிநொடிகள் முன்பின்னாக மாறும். ரோபோ அந்த இடைவெளியில் படித்தால் 0 கிடைக்கலாம், 7 கிடைக்கலாம், 1 கூடக் கிடைக்கலாம். 2-லிருந்து 3-க்கு மாறும்போது ஒரே கம்பிதான் மாறுகிறது, ஆகவே அங்கே ஒருநாளும் தப்பாது. மாறும் ரகங்களை இரும எண்ணில் எழுதிப் பாருங்கள், பல கம்பிகள் சேர்ந்து மாறும் இடத்தில்தான் தவறு நடந்திருக்கும்.

பிஎல்சி முதலில் எண்ணை வைக்கட்டும். நூறு மில்லிநொடி போகட்டும், பிறகு ‘இப்போது படி’ என்று சொல்லும் ஸ்ட்ரோப் சிக்னல் கொடுக்கட்டும். ரோபோ தான் படித்த எண்ணைத் திருப்பிச் சொல்லட்டும். பிஎல்சி இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மட்டும் ஸ்டார்ட் கொடுக்கட்டும். ஃபனுக்கின் பிஎன்எஸ் என்ற புரோகிராம் தேர்வு முறையில் இந்தத் திருப்பிச் சொல்லும் சிக்னல்கள் முன்பே இருக்கின்றன. பிஎல்சி பக்கத்தில் அவற்றைக் கம்பி இழுத்துவிட்டு ஒப்பிடாமல் விட்டிருப்பார்கள், அங்கே பாருங்கள்.

ரெஜிஸ்டரை வைத்து செலக்ட் செய்யும் புரோகிராமில் எல்ஸ் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால், எண் எதனோடும் பொருந்தாதபோது ரோபோ நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். கூடவே ஃபிக்சரில் எந்த ரகம் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார் சொல்ல வேண்டும். பிஎல்சி நினைப்பதும் ஃபிக்சரில் இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப முடியாது.

## ஆட்டோவில் கிளம்பவே மாட்டேன் என்கிறது, அலாரமும் இல்லை

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பென்டன்ட் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, சாவி ஆட்டோவில் இருக்கிறதா, ரோபோ ரிமோட் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கிள் ஸ்டெப் ஆன் ஆகியிருக்கிறதா? பகலில் யாரோ சோதித்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்; அடிக்கடி இதுதான். பிறகு யூஐ என்ற உள்வரும் சிக்னல்களில் 1, 2, 3, 8 நான்கும், அதாவது உடனடி நிறுத்தம், ஹோல்ட், பாதுகாப்பு வேகம், எனேபிள், ஆனில் இருக்க வேண்டும். எது ஆஃபில் இருக்கிறதோ அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள், கதவு சுவிட்சிலோ லைட் கர்ட்டனிலோ போய் முடியும்.

## டி1-ல் அழகாக ஓடுகிறது, ஆட்டோவில் இடிக்கிறது

நொடிக்கு 250 மில்லிமீட்டரில் ஓடும்போது ரோபோ மூலையைக் கிட்டத்தட்ட முழுதாகத் தொட்டுத் திரும்பும். அதே புரோகிராம் 2000-ல் ஓடும்போது, சிஎன்டி (புள்ளியில் நிற்காமல் கடந்து போகும் அளவு) 100 என்று போட்டிருந்தால் மூலையை வெட்டிக்கொண்டு போகும். ஃபனுக்கில் வேகம் கூடக் கூட வெட்டும் அளவும் கூடும். மூலைக்கு உள்பக்கம் கிளாம்ப் இருந்தால் இடிதான். இடித்த இடத்துக்கு முந்தைய புள்ளியின் சிஎன்டியைக் குறைத்துப் பாருங்கள், அல்லது பாதையில் இன்னொரு புள்ளி சேருங்கள். புதுப் பாதையை மெதுவான ஓவர்ரைடில் (வேக சதவீதத்தில்) பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கூண்டை மூடி, பாகம் இல்லாமல், 25, 50, 75, 100 என்று ஏற்றிப் பாருங்கள்.

கிரிப்பர் முன்கூட்டியே திறந்து பாகத்தை நழுவ விடுவதும் இதே குடும்பம்தான். ரோபோ கன்ட்ரோலர் நகரும்போதே அடுத்த வரிகளைப் படித்துக்கொண்டு போகும். கூக்காவில் வழக்கமாக மூன்று நகர்வுகள் முன்னே படிக்கும். நிற்காத புள்ளிக்கு அடுத்து ‘கிரிப்பர் திற’ என்று எழுதினால் கை போய்ச் சேரும் முன்பே திறந்துவிடும். எடுக்கும் இடத்திலும் வைக்கும் இடத்திலும் ஃபைன் (புள்ளியில் முழுதாக நின்று போகும் முறை) போடுங்கள். நேரம் மிச்சப்படுத்த முன்கூட்டியே திறக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள கட்டளைகளைப் பயன்படுத்துங்கள்: ஃபனுக்கில் டைம் பிஃபோர், ஏபிபியில் ட்ரிக்-ஐஓ, கூக்காவில் ட்ரிக்கர். அரை நொடி வெயிட் போட்டுச் சமாளிப்பது எனக்குப் பிடிக்காத வழி. காலையில் கம்ப்ரஸர் அழுத்தம் இறங்கியிருந்தால் அந்த அரை நொடி போதாது. சிலிண்டரின் ரீட் சுவிட்ச் ‘மூடிவிட்டேன்’ என்று சொல்லும் வரை காத்திருங்கள்.

## நேர்க்கோட்டில் போகும்போது மணிக்கட்டு திடீரென்று சுழல்கிறது

மோஷன்-023 வந்தால் சிங்குலாரிட்டி. ஐந்தாவது அச்சு பூஜ்யத்தை நெருங்கும்போது நாலும் ஆறும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. எதைத் திருப்பினாலும் ஒரே விளைவு என்பதால் கணக்கு குழம்பி, முனையை நேர்க்கோட்டில் வைத்திருக்க அவை இரண்டும் எதிரெதிராக வெறிபிடித்தது போல் சுழலும்.

கடந்து போகும் பாதை என்றால் லீனியரை ஜாயின்ட் நகர்வாக மாற்றிவிடுங்கள், முடிந்தது. வெல்டிங் பாதை என்றால் டார்ச் கோணத்தைச் சில டிகிரி சாய்த்துப் பாருங்கள். பல ரகம் ஓடும் செல்லில் ஒரு சூட்சுமம்: கற்றுக்கொடுத்த புள்ளியில் ஐந்தாவது அச்சு 8 டிகிரியில் பத்திரமாக நின்றிருக்கும், ஆஃப்செட் சேர்ந்ததும் 1 டிகிரிக்கு வந்துவிடும். அதனால் சில பாகங்களில் மட்டும் வரும். அலாரம் வந்த கணத்தில் ஜாயின்ட் எண்களையும் ஆஃப்செட் ரெஜிஸ்டரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

## எதிலும் இடிக்கவில்லை, ஆனால் மோதல் அலாரம்

எஸ்ஆர்விஓ-050. பலர் உடனே உணர்திறனைக் குறைத்துவிடுகிறார்கள். வேண்டாம். அது நிஜ மோதலில் ரோபோவையும் டூலையும் காப்பாற்றும் அமைப்பு.

முதலில் பேலோடைப் பாருங்கள். இவ்வளவு எடையைத் தூக்க இவ்வளவு விசை போதும் என்று ரோபோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் எதிலோ இடித்துவிட்டோம் என்று நினைக்கிறது. 12 கிலோ கிரிப்பர் 8 கிலோ பாகத்தை எடுத்த பிறகும் புரோகிராம் 12 கிலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அலாரம் வரத்தானே செய்யும். வெறும் கிரிப்பருக்கு ஒன்று, ஒவ்வொரு ரகத்துக்கும் ஒன்று என்று பேலோடு எண்கள் வேண்டும், பிடித்ததும் மாற வேண்டும், விட்டதும் திரும்ப மாற வேண்டும். எடை மட்டும் போதாது, எடையின் மையமும் வேண்டும். நீண்ட கிரிப்பரில் அதுதான் அதிகம் இழுக்கும். பேலோடு சரி என்றால் கேபிளைப் பாருங்கள், எங்காவது மாட்டி இழுக்கிறதா என்று. திங்கள்கிழமை காலை முதல் சில சுற்றுகளில் மட்டும் வந்து பிறகு மறைந்துவிடுகிறது என்றால் கிரீஸ் இறுகியிருக்கிறது. ஓசூர் பக்கம் மார்கழியில் இதைப் பார்க்கலாம். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டும் வார்ம்-அப் புரோகிராம் போதும்.

## கேமரா: நடுவில் சரியாக எடுக்கிறது, ஓரத்தில் தவறுகிறது

டிசிபியை ஏற்கெனவே சோதித்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது பாகத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். ஒற்றை 2டி கேமரா எல்லாவற்றையும் ஒரே தளத்தில் இருப்பதாகவே பார்க்கும். கேமரா ஒரு மீட்டர் மேலே இருக்கிறது, புது ரகம் 20 மி.மீ. கூடுதல் உயரம் என்றால், நடுவில் பிழை ஒன்றுமில்லை, நடுவிலிருந்து 200 மி.மீ. தள்ளினால் 4 மி.மீ. பிழை. ஓரத்துக்குப் போகப் போகக் கூடும். ரகத்துக்கு ரகம் உயர எண்ணைக் கொடுத்தால் போய்விடும்.

## சரி செய்தால் ஒரு வாரம் நிற்கிறது, மறுபடி விலகுகிறது

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, பீடத்துச் சாட்சியில் மட்டும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகல் கூடுகிறது. இது மென்பொருள் இல்லை. முதலில் ரோபோவைப் பீடத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்; அடுத்து டூல் மாட்டும் ஃபிளேஞ்ச் போல்ட்டுகள். இரண்டும் இறுக்கமாக இருந்தால், ஒரே சாட்சிப் புள்ளியை இரண்டு எதிர்த் திசைகளிலிருந்து அணுகி டயல் இண்டிகேட்டரில் பாருங்கள். திசைக்கு ஒரு எண் வந்தால் கியரில் ஆட்டம் விழுந்திருக்கிறது. அந்த அச்சின் கிரீஸைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் தேய்த்து, அடியில் காந்தத்தை ஓட்டுங்கள். கருந்தூள் கூடவே நகர்ந்தால் ரிட்யூசர் (அந்த அச்சின் கியர்பெட்டி) தேய்கிறது. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், வாராவாரம் குறித்து வைத்த எண்களை அவரிடம் கொடுங்கள். ரிட்யூசர் மாறி, அந்த அச்சு திரும்ப மாஸ்டர் ஆகும் வரை ஒரு புள்ளியையும் டச்-அப் செய்ய விடாதீர்கள்.